குழந்தைக்கு ஏன் குல்லா போடலை?

தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன். தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் முக்கு டீக்கடையில் நின்று இன்னொரு வாழைக்காய் பஜ்ஜிக்குக் கை நீட்டியிருக்கிறேன். மாஸ்டர் கூடுதலாகச் சட்னிதான் ஊற்றினார். என் உயிர்மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனால் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உறையூரில் எங்கள் தெருவில் நாலு எட்டு வைத்துப் பாருங்கள். சுங்கச்சாவடி மாதிரி வாசலுக்கு வாசல் நிறுத்துவார்கள். ஆளுக்கொரு யோசனையை வாங்கிக்கொண்டால்தான் மேலே விடுவார்கள்.

குல்லா விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. முதல் மாடிப் பெரியம்மா, "பச்சைப் புள்ள காதுல காத்து அடைச்சுக்கும், குல்லா போடாம தூக்கிட்டு வர்றீங்களே தம்பி" என்பார். கீழ்வீட்டு அக்கா அங்கன்வாடி டீச்சர். அவர், "கத்திரி வெயில்ல எதுக்கு சார் குல்லா? புள்ள வெந்துடும், கழட்டுங்க" என்பார். திருச்சியில் மே மாதம் 40 டிகிரி என்பது நாங்கள் 'இன்னிக்குப் பரவாயில்லை' என்று சொல்லும் நாள். அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெரியம்மா வீட்டில்தான் எங்கள் மோட்டார் சாவி இருக்கிறது. ஆகவே குல்லாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முதல் மாடி வந்ததும் மாட்டுவேன், பெரியம்மா வாசலைத் தாண்டியதும் கழற்றுவேன். ஒருநாள் இரண்டு பேரும் படிக்கட்டில் சேர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதற்றத்தில் குல்லாவை என் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் வந்தால் ஆட்சி மாமியாருடையது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். எங்கள் விஷயத்தில் தாய்வீடே கிளம்பி இங்கே வந்துவிட்டது. அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். மணையில் உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகி, காலை நீட்டி, கணுக்காலுக்கு மேலே பயலைக் குப்புறப் போட்டாரென்றால், அந்த நிமிஷம் முதல் அவன் வேறு யாருக்கும் சொந்தமில்லை. எண்ணெய் வழிய முதுகை உருவி, கையையும் காலையும் குறுக்காக மடக்கிப் பிரித்து, புருவத்தை நீவி, மூக்கைப் பிடித்துவிடுவார். மூக்கு எதற்கு என்று கேட்டேன். "இப்பப் பிடிச்சு விட்டாதான் பின்னாடி எடுப்பா இருக்கும் மாப்ள." சொல்லிவிட்டு என் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க அம்மாவுக்கு அப்ப வேலை ஜாஸ்தி போல."

குழந்தை டாக்டரோ, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக்கூடாது, உள்ளே ஊதக்கூடாது, சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலை விடக்கூடாது, சாம்பிராணிப் புகையைப் பிள்ளைக்குக் காட்டக்கூடாது என்று வரிசையாகச் சொல்லியிருந்தார். அதை அத்தையிடம் தெரிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அத்தை, காதுல மூக்குல எண்ணெய் விட வேணாம்னு டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"நம்ம டாக்டர்தான். பெரிய படிப்புப் படிச்சவர்."

"அவரைச் சின்னதுல யாரு குளிப்பாட்டுனாங்களாம்?"

எனக்கு இதற்குப் பதில் தெரியாததால் அடுத்த முறை போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "எங்க பாட்டிதான். ஆனா..." என்று ஆரம்பித்து முழுக்க விளக்கினார். வீட்டுக்கு வந்து நான் 'பாட்டி' என்ற இடம்வரை சொன்னதுமே அத்தை வெற்றியோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கடைசியில் என் மனைவி, "அம்மா, காதுல வேணாம்மா" என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து காதில் எண்ணெய் இல்லை. சாம்பிராணியும் கூடத்தோடு நின்றது. நான் ஒரு மாதம் நடத்திய பேச்சுவார்த்தை வரலாற்றில் எங்கேயும் பதிவாகவில்லை.

சேனை விவகாரம் இன்னும் மோசம். பிறந்ததும் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டு வைத்தால், வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிரசவ ஆஸ்பத்திரியில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. தேனைப் பற்றி ஒரு வயது முடியும்வரை நினைக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பையே தளர்த்திப் போட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். சரியான பேச்சுதான். ஆனால் சேனை வைக்க ஆசையாக வந்திருந்த இரண்டு பக்கப் பெரியவர்களும் ஏமாந்துபோனார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணிக்குப் பயல் வீறிட்டால், "சேனைகூட யாரும் வைக்கலையே, இந்தப் பிடிவாதம் எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

உரைமருந்துக்கும் இதே கதிதான். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று எல்லாவற்றையும் உரைகல்லோடு அத்தை கொண்டுவந்திருந்தார். வசம்பு மட்டும் விட்டுப்போயிற்று. பெரிய கடை வீதிக்கு என்னை அனுப்பும்போது, "விளக்கு வச்சாச்சு, அது பேரைச் சொல்லக்கூடாது மாப்ள. பேர் சொல்லாததுன்னு கேளுங்க, கொடுப்பாங்க" என்றார். நாட்டு மருந்துக் கடையில் நல்ல கூட்டம். முண்டியடித்து முன்னால் போய், குரலைத் தணித்து, "தம்பி, பேர் சொல்லாதது இருக்கா?" என்றேன். பையன் வேலைக்குப் புதிது. என்னை மேலும் கீழும் பார்த்தான். என்னைவிடத் தணிந்த குரலில், "அதெல்லாம் நாங்க விக்கிறதில்ல சார்" என்றான். முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்துவந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்ற டாக்டர் உத்தரவால் வசம்பு வளையலாகக் கோத்துக் கையில் கட்டுவதோடு சமாதானம் ஆயிற்று. பயல் முதல் காரியமாக வளையலை வாயில் வைத்தான். அதோடு வளையலும் பரணுக்குப் போனது.

திருஷ்டிப் பொட்டுக்கு டாக்டர் தடை சொல்லவில்லை. மையைக் கண்ணுக்குள் மட்டும் தீட்டாதீர்கள் என்றார். அத்தை அதற்கு ஈடுகட்டக் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வைத்தார். காலையில் பயலைக் கொஞ்சிவிட்டு நான் வங்கிக்குப் போய் மதியம்வரை கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்புக் பதிய வந்த ஒரு பாட்டிதான், "சார், உங்களுக்கு யாரு கண்ணு வைக்கப்போறா?" என்று கேட்டார். அதுவரை பேசாமல் இருந்த சக ஊழியர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புதன்கிழமைக்கு வருவோம். தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள். இரண்டரை மாத ஊசி அன்று மனைவிக்குக் காய்ச்சல், அத்தை ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். நான் பயலைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மரத்தடி பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள், நடுவில் ஒரே ஆண்பிள்ளை நான்.

"பிக்மி நம்பர் சொல்லுங்க" என்றார் சிஸ்டர். கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கிற நம்பர் அது. எனக்கு ஆதார் நம்பரே மனப்பாடம் கிடையாது. "தாய் சேய் அட்டை?" அது வீட்டில் பீரோவில் பத்திரமாக இருந்தது. "புள்ளையையாவது கொண்டு வந்தீங்களே" என்று பெருமூச்சு விட்டு, பழைய பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தார். ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி, தொடையில். மடியில் வைத்துக் காலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"சார், ஊசி உங்களுக்கு இல்ல. கண்ணைத் திறங்க."

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது ஒவ்வாமல் போனால் பார்த்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அந்த அரை மணியில்தான் மரத்தடியில் பாடம் நடக்கும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே, தைலம் தடவாதே, சுரம் வந்தால் சிஸ்டர் சொன்ன அளவுக்குச் சொட்டு மருந்து, துணியை நனைத்து உடம்பைத் துடை என்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார்கள். "ஊசி போடறப்பவே பால் கொடுத்துட்டா அழுகை அடங்கிடும்" என்றார் ஒரு அம்மா. சொன்ன பிறகு என்னைக் கவனித்து, "ஓ, உங்களால முடியாதுல்ல" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பயல் நிறுத்தவில்லை. புட்டிக்குப் பழக்காததால் எடுத்துவந்த பாலைச் சங்கில்தான் புகட்டியிருந்தேன். அதற்கப்புறமும் வில்லாய் வளைந்து கத்தினான். கடைசி பெஞ்சில் கட்டட வேலைக்குப் போகிற ஒரு பெண், கைக்குழந்தையை மடியில் போட்டு மூத்ததை முதுகில் ஏறவிட்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை வாய் திறக்காதவர் எழுந்து வந்து, தன் பிள்ளையைப் பக்கத்து அம்மாவிடம் கொடுத்தார், என்னிடமிருந்து இவனை வாங்கினார். நிமிர்த்தித் தோளில் போட்டு, முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டி, "ஏப்பம் வரலண்ணே, அதான். இப்புடிப் பிடிங்க" என்று என் தோளுக்கு மாற்றி, என் கையைப் பிடித்தே தட்டக் கற்றுக்கொடுத்தார். ஏப்பம் வந்தது. கூடவே மற்றதும் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை எதற்கு இருக்கிறது? பயல் உடனே தூங்கிவிட்டான்.

அந்தத் தூக்கம் வீட்டில் வராது. தூளிக்குக் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஸ்டாண்டு வாங்கி, நைந்த சுங்குடிப் புடவையில் கட்டினோம். ஆட்டுவது என் பங்கு. தாலாட்டு எனக்குத் தெரியாது, சினிமாப் பாட்டுப் பாடினால் அவன் இன்னும் அழுவான், மனைவியும் வந்து நிறுத்தச் சொல்வாள். ஒருநாள் வேறு வழியில்லாமல், திருச்சி ஜங்ஷனில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்திருந்த 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்தேன். பயல் அடங்கினான். அன்று முதல் தினமும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான். ஸ்ரீரங்கம், அரியலூர், விருத்தாசலம் என்று மெதுவாகப் போனால் விழுப்புரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறான். தாம்பரம்வரை அவன் முழித்திருந்த ராத்திரியும் உண்டு. நான் செங்கல்பட்டிலேயே தூங்கிவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்து சோறு ஆரம்பித்ததும் யோசனைகள் இரட்டிப்பாயின. குழைந்த பருப்புச் சாதமா, கேழ்வரகுக் கூழா, நாகர்கோவில்காரர்கள் சத்தியம் செய்து சொல்லும் நேந்திரங்காய்ப் பொடியா? அக்கா அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு கொடுத்தார். பயல் இரண்டு வாய் வாங்கி மூன்றாவதைத் துப்புவான். வெல்லம் சேர்ந்த மாவு. வீணாக்க மனம் வராமல் மிச்சத்தை நான் உருண்டை பிடித்துவிடுவேன். மாத எடை பார்க்கும் நாளில் அக்கா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாவு வேலை செய்யுது சார். ஆள்தான் மாறிப்போச்சு."

ஏழாம் மாதம் அவனுக்கு வயிற்றுப்போக்கு. தெருவே ஒரு குரலில் "பல்லு முளைக்குது, அப்படித்தான் போகும்" என்று தீர்ப்புச் சொன்னது. அக்கா மட்டும், "பல்லாவது மண்ணாவது, தள்ளுங்க" என்று உள்ளே வந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுசாகக் கரைத்து, மடியில் போட்டுக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார். தாய்ப்பாலை நிறுத்தாதே, துத்தநாக மாத்திரையை 14 நாளும் விடாமல் கொடு, கண் குழி விழுந்தாலோ மூத்திரம் குறைந்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மனைவியிடம் சொன்னார். என்னிடம் டம்ளரைக் கழுவச் சொன்னார். இரண்டு நாளில் போக்கு நின்றது. பல் அதற்கப்புறம் நிதானமாக வந்தது.

இத்தனைக்குப் பிறகு எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பிள்ளையின் வாய், கண், காது, மூக்கு என்று எதற்குள்ளேயாவது போகிற யோசனை என்றால் சிஸ்டரிடம் கேட்பேன். வெளியே நிற்கிற யோசனை என்றால் தலையாட்டிவிடுவேன். தலையாட்டுவதில் எனக்கு வங்கியில் பல வருடப் பயிற்சி உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அது இன்னும் மெருகேறியிருக்கிறது.

ஆகவே நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். எங்கள் பிள்ளையைப் பற்றி உங்களிடம் ஒரு யோசனை நிச்சயம் இருக்கும், இதைப் படிக்கும்போதே ரெண்டு தோன்றியிருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் நின்று சொல்லாமல் உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பயலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எனக்கு நேற்றிலிருந்து குளிக்க வேண்டியிருக்கிறது.