வேப்பிலைக்கு அடங்காதவை

எங்கள் ஊர்ப் புளியமரத்தில் பேய் உண்டு. கடன் தொல்லையில் நாண்டுகொண்டவர். பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வந்துவிடுவாராம். அந்தக் காலத்துப் பேயிடம் ஒரு நேர்மை இருந்தது. நெற்றியில் திருநீறு, கையில் வேப்பிலை, பையில் ஓர் இரும்பு ஆணி இருந்தால் ஒதுங்கிப் போய்விடும். எட்டு வயதில் நான் அரை டிராயர் பையில் ஆணியோடுதான் டியூஷனுக்குப் போனேன். பேயைவிட ஆணிதான் அதிகம் படுத்தியது.

எண்பதுகளில் வீடியோ டெக்கு வாடகைக்கு வந்தது. விடிய விடிய மூன்று படம். மூன்றாவது, 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’. திண்ணையில் படுத்திருந்த பாட்டியும் எழுந்து வந்துவிட்டாள். விண்கப்பல் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டு வீடு, ஏழு பேர், ஒவ்வொருவராய் அடிக்கிற ஏதோ ஒன்று. “முனி” என்றாள். ஆனால் அந்தப் பிராணியின் ரத்தம் கப்பலின் தளங்களைப் பொத்துக்கொண்டு கீழே கீழே இறங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரும்பையே தின்கிற பேயை அவள் கண்டதில்லை.

“ஏண்டா, அவ்வளவு பெரிய கப்பல்ல ஒரு கொத்து வேப்பிலைகூடவா இல்ல?”

அறிவியல் வந்தால் பேய் ஓடிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஓடவில்லை, வைத்தியம்தான் செல்லாமல் போயிற்று. மேரி ஷெல்லி 1818-இலேயே பிணத்துண்டுகளுக்கு உயிர் கொடுக்க வைத்தது மந்திரவாதியை அல்ல, படித்த பையனை. 1897-இல் வந்த ‘டிராகுலா’வில் ரத்தக்காட்டேரியைத் துரத்துகிறவர்களிடம் டைப்ரைட்டரும் போனோகிராபும் உண்டு; அன்றைக்கு அதெல்லாம் புத்தம் புதுசு. ஆனாலும் பூண்டைக் கைவிடவில்லை, கெட்டிக்காரர்கள். குமுதத்தில் சுஜாதா ‘கொலையுதிர் காலம்’ எழுதியபோது பேயா, ஹோலோகிராமா என்று எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஹோலோகிராம் என்றால் என்னவென்று இரு கட்சிக்கும் தெரியாது.

புளியமரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் டவர்.

2018-இல் மகளோடு ‘2.0’ படத்துக்குப் போனேன். அதில் பட்சிராஜன் என்பவர் செல்போன் டவரில் தூக்கு மாட்டிக்கொள்கிறார். ஆவியாகி செல்போன்களையெல்லாம் பறக்கவிடுகிறார். ஓட்டுவதற்குப் பூசாரி வரவில்லை, ரோபோ வந்தது. மகள் கிராபிக்ஸைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு 3டி கண்ணாடிக்குள் வேர்த்தது. நம்ம ஊர் ஆள்தான். விலாசம் மட்டும் மாறியிருக்கிறது.

அன்றிரவு மகள் தூங்கிய பிறகு, வாசல் வேம்பில் ஓர் ஈர்க்கு ஒடித்துச் செல்போன் உறைக்குள் செருகிப் பார்த்தேன். உறை மூடவில்லை.