ஆம், ஆம், ஆம்

நேற்று ராத்திரி பிரிண்டருக்கு டிரைவர் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை இருண்டது. கரண்ட் போய்விட்டதென்று எழுந்தேவிட்டேன். போகவில்லை. விண்டோஸ் கேள்வி கேட்கிறது: இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா? நான்தானே ஐயா டபுள் கிளிக் செய்தேன்! ஆம். மறுபடி இருட்டு. ஆம். நீங்களும் படிக்காமல்தான் அமுக்குவீர்கள், தெரியும். பாதுகாப்பா வசதியா என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பிறகு சொல்கிறேன்.

இதே மாதிரி கேள்வி கேட்க எங்கள் அடுக்ககத்து கேட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், வீட்டு எண், வந்த நேரம், வந்த காரியம். பேனா நூலில் கட்டியிருக்கும், எழுதாது. காரியம் என்ற கட்டத்தில் முதல் ஆள் 'பர்சனல்' என்று எழுதினால், அந்தப் பக்கம் முடியும்வரை அதற்குக் கீழே மேற்படிக் குறிதான். குழாய் ரிப்பேருக்கு வந்தவரும் பர்சனல், தண்ணீர் கேன் போடுகிறவரும் பர்சனல். பெயர் கட்டத்தில் ரஜினிகாந்த் என்று எழுதிவிட்டு ஒருவர் மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. கறிவேப்பிலை வாங்கித் திரும்பிய என்னை வாட்ச்மேன் அண்ணன் நிறுத்தி, "சார், எந்த வீடு?" என்றார். வருஷக்கணக்காக அவருக்கு தீபாவளி இனாம் கொடுக்கிற வீடு! சரி, நோட்டை விடுவோம். அந்த நோட்டை இதுவரை யாராவது திறந்து படித்திருக்கிறார்களா என்பதை மட்டும் யாராவது விசாரித்துச் சொன்னால் தேவலை.

விண்டோஸுக்கே வருவோம். இந்த விஷயத்தில் விண்டோஸ் 95 எவ்வளவோ மேல். கடவுச்சொல் கேட்கும், கேன்சல் அழுத்தினால் உள்ளே விட்டுவிடும். எக்ஸ்பி காலத்தில் வீட்டுக்கு வீடு எல்லாருமே அட்மினிஸ்ட்ரேட்டர். நுழைந்த வைரஸும் அட்மினிஸ்ட்ரேட்டர். 2007-இல் கடைக்கு வந்த விஸ்டாதான் இந்தக் கேள்வியை ஆரம்பித்தது. மறு வருஷம் சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஒன்றில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், பயனாளர்களை எரிச்சல்படுத்தத்தான் அதை வைத்தோம் என்று சொல்லியே விட்டார். நாம் எரிச்சல்பட்டு மென்பொருள்காரர்களைத் திட்டுவோமாம், அவர்கள் அட்மின் அனுமதி தேவைப்படாத மாதிரி எழுதக் கற்றுக்கொள்வார்களாம். மாமியார் மேல் கோபமென்றால் பாத்திரத்தைப் போட்டு உடைப்பது கேள்விப்பட்டதுதான். இங்கே அந்தப் பாத்திரம் நாம்.

திரை இருளுவதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். வேறெந்த மென்பொருளும் திருட்டுத்தனமாக 'ஆம்' பொத்தானை அழுத்திவிடக் கூடாதாம். அது எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? அரைக் கண்ணை மூடிக்கொண்டு நானே அழுத்திக் கொடுக்கிறேனே.

2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது, எரிச்சலின் அளவை நாமே வைத்துக்கொள்ள நான்கு படிகளோடு ஒரு ஸ்லைடர் கொடுத்தார்கள். இன்றைக்கும் கன்ட்ரோல் பேனலில் இருக்கிறது. அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டால் எதுவும் கேட்காது. இழுக்காதீர்கள். இழுத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கும் வராதீர்கள்.