சென்ட்ரல் என்று போட்டிருந்தால் ஏறாதே

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எங்கிருந்தோ ஒரு குரல் வரும். "சென்னை ஜி.ஹெச்.சுக்கா? எப்படிப் போற?" நீங்கள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல்: "அப்படிப் போகாத!" இரண்டும் ஒரே ஆளின் குரல்தான். அவர்தான் ரூட்டுக்காரர்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். மரக்காணத்து ஆள் கொஞ்சம் விசேஷமானவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். உப்பளத்தில் மேஸ்திரியாகவோ, உப்பு லாரிக்கு லோடு பார்க்கிறவராகவோ காலம் தள்ளியவர். விடியுமுன் பாத்தியில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறிவிடுகிற தொழில் அது. அதனால் அவருடைய மிச்சப் பகல் முழுக்க டீக்கடைக்குச் சொந்தம். வடகிழக்குப் பருவமழை இறங்கி உப்பளமெல்லாம் தண்ணீர்க்காடாகிவிட்டால் காலை நேரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் அவர் கண்ணில் படாமல் போவது நல்லது.

வழி பார்க்கிற மூளை அவருக்குத் தொழிலில் வந்தது. உப்புத் தண்ணீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, வெயிலில் கனம் ஏற ஏற அடுத்த பாத்திக்கு மடை திறந்து, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படியவைக்கிற வேலை. எந்த மடையை எப்போது திறப்பது, எதை அடைப்பது என்பதிலேயே ஊறியவர். சென்னைக்குப் போகிற ஜனங்களையும் அவர் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்: தாம்பரத்தில் தேக்கி, பரங்கிமலையில் மடை மாற்றி, சென்ட்ரலில் படியவைக்க வேண்டிய தண்ணீர்.

மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் போக இரண்டு கட்சிகள் உண்டு. கடற்கரை ஓரமாகவே ஈ.சி.ஆர். பஸ்ஸில் போகிற கட்சி ஒன்று. மேற்கே திண்டிவனம் போய், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கிற கட்சி இன்னொன்று. நம்மவர் திண்டிவனம் கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் அதே டீக்கடையின் எதிர் பெஞ்சில் இருப்பார். "திருவான்மியூர்ல இறங்கு, ஷேர் ஆட்டோ புடி, பறக்கும் ரயில்ல ஏறு, பூங்கா நகர்ல இறங்கு, எதிர்லயே ஆஸ்பத்திரி" என்பது அவருடைய கொள்கை. அதற்கு அவர் காட்டும் ஆதாரம் நியாயமானதுதான். ஆந்திரத்தில் தொடங்கிச் சென்னையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் பட்டணம் போன வழி அது. சென்னைக்குள் பறக்கும் ரயில் நெடுந்தூரம் தூண் ஊன்றி நிற்பதும் அதே கால்வாயில்தான். "நம்ம வாய்க்கால் மேல ஓடுற ரயிலு. அதுல போவாம வேற எதுல போவ?" என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

2023 ஆகஸ்டில், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது தண்டவாளம் போடுவதற்காக, பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் அது பூங்கா நகர் பக்கமே வரவில்லை. அந்தக் காலத்தில் நம்மவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை டீ மாஸ்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து நேரே கோயம்பேட்டில் இறங்கிப் பழகிய ஊர்கள் எல்லாம் அலுத்துக்கொண்டன. கோயம்பேட்டு வாசலிலேயே மெட்ரோ இருந்தது, கிளாம்பாக்கத்தில் அதுவும் இல்லை. நம்மவருக்கு மட்டும் தீபாவளி. முன்பு ஒரே பஸ்ஸில் முடிந்துபோன பயணத்தில் இப்போது மாறி ஏறுவதற்கு எத்தனை இடம்!

மாறாமல் போகிற வழி அவரைப் பொறுத்தவரை வழியே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே போய்ச் சேர்வதற்கு மனுஷன் எதற்கு, மூட்டை போதாதா என்பார்.

அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு மெட்ரோவில் இருக்கிறது. சென்னை மெட்ரோவின் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் இரண்டு இடத்தில் சந்திக்கின்றன: ஆலந்தூரில் ஒரு முறை, சென்ட்ரலில் ஒரு முறை. ஆகவே ஆலந்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு எந்த வண்டியில் ஏறினாலும் போகலாம். நீலம் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை என்று அண்ணா சாலைக்கு அடியில் புகுந்து போகும். நடுவே 9 நிலையங்கள். பச்சை அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் என்று ஊரைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வரும், நடுவே 14. இதை விளக்க அவர் பெஞ்சின் மேல் தீக்குச்சிகளை அடுக்குவார். நீலத்துக்கு அடுக்கி முடித்துப் பச்சைக்கு வரும்போது மாஸ்டரின் தீப்பெட்டி காலியாகியிருக்கும். ஷெனாய் நகரிலிருந்து எழும்பூர் வரை விரலால்தான் தொட்டுக் காட்டுவார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. பச்சை வண்டியின் நெற்றியில் சென்ட்ரல் என்று எழுதியிருக்கும், அது அங்கேதான் முடிகிறது. நீல வண்டி சென்ட்ரலைத் தாண்டி வடக்கே போகிறது, ஆகவே அதில் விம்கோ நகர் என்று போட்டிருக்கும். பரங்கிமலையில் கிடைப்பதோ பச்சை மட்டும். இப்போது அவர் சொல்லும் வழியைக் கேளுங்கள். "பரங்கிமலையில சென்ட்ரல்னு போட்ட வண்டியில ஏறு. ஆனா சென்ட்ரல் வரைக்கும் போகாத. அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிடு. அங்க சென்ட்ரல்னு போட்டிருந்தா ஏறாத. விம்கோ நகர்னு போட்டிருக்கும் பாரு, அதுல ஏறு. அதுதான் சென்ட்ரலுக்குச் சீக்கிரம் போவும்."

கணக்குப் பார்த்தால் இதில் ஒரு தப்பும் கிடையாது. கேட்டுக்கொண்டிருக்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும்.

மரியாதையிலும் அவர் குறை வைப்பதில்லை. 2020-ல் பெயர் மாற்றிய நிலையங்களை முழுப்பெயரில்தான் சொல்வார். "அறிஞர் அண்ணா ஆலந்தூர்ல ஏறினா புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.இராமச்சந்திரன் சென்ட்ரல்ல இறங்கலாம்" என்று அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் திண்டிவனம் பஸ் ஒன்று புறப்பட்டுப் போயிருக்கும். மெட்ரோவுக்கு இருப்பது நாலே பெட்டி. அதிலும் எதில் ஏறினால் இறங்கும்போது எஸ்கலேட்டர் மூக்குக்கு நேரே வரும் என்று கணக்கு வைத்திருக்கிறார். அப்படி மிச்சமாகிற அரை நிமிஷத்தை என்ன செய்வது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

இந்தப் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கி ஆற்றுப்படை என்று பெயரும் வைத்தவர்கள் நாம். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கி வந்த பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். கிடங்கில் இருப்பது இன்றைய திண்டிவனத்தில். ஆக, மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போ என்று சங்க காலத்திலேயே ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார். இதை ஒரு தமிழாசிரியர் வாய் தவறி டீக்கடையில் சொல்லிவிட்டார். ஈ.சி.ஆர். கட்சி அன்றைக்கு அடங்கியதுதான்.

இருவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பாணன் எந்த ஊரில் சுட்ட மீன் கிடைக்கும், எந்த ஊரில் நண்டுக் கறியோடு சோறு போடுவார்கள் என்று சொல்லி அனுப்பினான். நம்மவர் சாப்பாட்டுப் பேச்சையே எடுக்கமாட்டார். தாம்பரத்தில் டீ குடிக்க இறங்கினால் அடுத்த வண்டி தவறிவிடுமாம்.

வழி தேடுகிற கிறுக்கு வெளிநாட்டிலும் உண்டு. 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரர், மணக்கப்போகும் பெண்ணோடு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறுகிய வழி கண்டுபிடிக்கும் முறையைக் காகிதம், பென்சில் இல்லாமல் இருபதே நிமிஷத்தில் மனசுக்குள் போட்டு முடித்தாராம். நம்முடைய போன்கள் வழி காட்டுவதற்கு அடிப்படை அது. அந்தப் பெண் அந்த இருபது நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்குக் கவலை. ரூட்டுக்காரர் வீட்டு அம்மாவைக் கேட்டால் ஒருவேளை தெரியலாம்.

போன் வந்த பிறகும் நம்மவர் அசரவில்லை. போன் இன்று ஓடுகிற வண்டியைத்தான் சொல்லும். அவர் இன்னும் ஓடாததையும் சேர்த்துச் சொல்வார். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். அவர் மனசுக்குள் அத்தனையும் எப்போதோ திறப்பு விழா கண்டுவிட்டது. கலங்கரை விளக்கத்தில் 2023-ல் சுரங்கம் தோண்ட இறங்கிய எந்திரத்துக்கு ஃபிளமிங்கோ என்று பெயர் வைத்தார்கள். மரக்காணத்தை அடுத்த கழுவெளிச் சதுப்புக்கு வந்து நிற்கிற அதே பூநாரை. "நம்ம ஊருப் பறவைதாங்க அங்க பூமிக்கு அடியில குடையுது" என்று அவர் சொன்னபோது, கழுவெளி சரணாலயத்துக்கே தான்தான் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு தோரணை.

போன மழைக்காலத்தில் உப்பளத்து அம்மா ஒருத்தி, ஜி.ஹெச்.சில் படுத்திருந்த நாத்தனாரைப் பார்க்கக் கிளம்பினார். நம்மவர் தீக்குச்சி அடுக்கி, முழுப்பெயர்கள் சொல்லி, மூன்று முறை ஒப்பிக்க வைத்து அனுப்பினார்: திண்டிவனம், கிளாம்பாக்கம், வண்டலூர் ஸ்டேஷன், எலெக்ட்ரிக் டிரெயின், பரங்கிமலை, ஆலந்தூர், விம்கோ நகர் வண்டி. பதினோரு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக மணி அடித்தது. கடையே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, வந்து சேந்துட்டேங்ணா."

"ஆலந்தூர்ல மாறினியாம்மா?"

"இல்லங்ணா. வண்டலூர்ல ஏறினதும் ஜன்னலோரம் எடம் கெடச்சுது, அப்படியே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா பார்க் ஸ்டேஷனாம். வெளிய வந்தா ஆஸ்பத்திரி. டிக்கெட்டும் ஏதோ சில்லறைதாங்ணா."

எதிர் பெஞ்சில் ஒரு கனைப்பு. நம்மவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, போனது போச்சு. திரும்பி வரச்ச தூங்காத. இப்ப நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் பக்கம் கையை நீட்டினார். மாஸ்டர் தீப்பெட்டியை எடுத்து மேல்பைக்குள் போட்டுக்கொண்டார்.