ஆயிரத்து முந்நூறு மீட்டர் திக்விஜயம்

சுவீடன் ராஜா குஸ்தாவ் அடால்ஃபுக்குப் போலந்தோடு சண்டை. எதிரியை மிரட்டக் கப்பல் வேண்டும், அதுவும் உடனே. இரண்டு அடுக்கில் 64 பீரங்கிகள், திரும்பிய பக்கமெல்லாம் சிங்கமும் சிற்பமும். பெயர் வாசா. மேலே இத்தனை கனம், கீழே இடுப்போ ஒடிசல். கட்டிய ஹென்றிக் ஹிபெர்ட்சன் 1627இல், வேலை முடியும் முன்பே கண்ணை மூடினார். பின்னால் நடந்த விசாரணைக்கு அவர் செய்த பெரிய உபகாரம் அது.

வெள்ளோட்டத்துக்கு முன் ஒரு சோதனை. 30 பேரை மேல்தளத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஊஞ்சல் ஆட, தளபதி ஃப்ளெமிங், "போதும், நிறுத்து" என்றார். ஓட்டத்தைத்தான் நிறுத்தினார், கப்பலை அல்ல. ராஜா ஊரில் இல்லை. அவர் கடிதங்கள் மட்டும் தவறாமல் வந்து அவசரப்படுத்தின. ஊரில் இல்லாத ராஜாவிடம் "சாயுது சாமி" என்று சொல்ல எவனுக்குத் தைரியம்?

1628 ஆகஸ்ட் 10. ஸ்டாக்ஹோம் கரையில் ஊரே கூடியிருந்தது. 1,300 மீட்டர்தான் போயிருக்கும். காற்று ஒரு தட்டுத் தட்டியது. மரியாதைக் குண்டு போடத் திறந்து வைத்த பீரங்கி வாசல் வழியே கடல் உள்ளே வந்தது. கப்பல் மூழ்கியது; ஏறக்குறைய 30 பேர் செத்தார்கள்.

விசாரணையில் கேப்டன் முதல் தச்சர் வரை எல்லார் கையும் சுத்தம். அளவுகளுக்குச் சம்மதம் சொன்னது ராஜா. ராஜாவை யார் கேட்பது? கடைசியில் கடவுளுக்கே வெளிச்சம் என்று வழக்கை மூட்டை கட்டினார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

1664இல் பீரங்கிகளை மீட்க, பெரிய மணி மாதிரியான ஒன்றுக்குள் ஆளை நிற்க வைத்துக் கடலில் இறக்கினார்கள். மார்பளவு ஜில்லென்ற தண்ணீர், கும்மிருட்டு, கையில் ஒரு கொக்கி. அந்தப் பாவப்பட்ட ஜீவன்கள் 50க்கும் மேற்பட்ட பீரங்கிகளை மேலே அனுப்பினார்கள். அப்புறம் ஊர் கப்பலை மறந்தது.

பால்டிக் கடலில் உப்புக் குறைவு; மரம் தின்னும் கப்பல்புழு அங்கே பிழைக்காது. இதை நம்பி வாசாவைத் தேடித் துழாவிய ஆண்டர்ஸ் ஃபிரான்ஸனின் கருவியில் 1956இல் கறுத்த ஓக் மரத்துண்டு சிக்கியது. கடற்படை முக்குளிப்பவர்கள் கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கம் தோண்டி இரும்பு வடம் கோத்தார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று வாசா தலைகாட்டியது. மரம் வெடிக்காமலிருக்க 17 வருஷம் ரசாயன அபிஷேகம்.

ஆராய்ச்சிக்காரர்கள் மரம் மரமாக அளந்தார்கள். உள்ளே தச்சர்களின் அளவுகோல்களே கிடைத்தன: சிலவற்றில் அடிக்கு 12 அங்குலம், சிலவற்றில் ஆம்ஸ்டர்டாம் கணக்கில் 11. கப்பலின் இடமும் வலமும் ஒத்துப் போகாததில் ஆச்சரியமில்லை.

மேல்தளத்தில் கிடைத்த இன்னொரு 'தொல்பொருள்', பின்லாந்து ஓட்டவீரர் பாவோ நூர்மியின் குட்டிச் சிலை. தூக்குவதற்குச் சற்று முன் ஹெல்சின்கி தொழில்நுட்ப மாணவர்கள் முங்கிப் போய் வைத்த குறும்பு. அந்தத் தளத்தில் 30 பேர் ஓடியதற்குப் பிறகு, முறையான ஓட்டக்காரர் ஒருவர் நின்றது அப்போதுதான்.