கனவு வீட்டைக் கீறுங்கள்

பங்கேற்பு வடிவமைப்பு என்று ஒரு சங்கதி. 1970களில் நோர்வே தொழிற்சங்கங்கள், தங்கள் வேலைத்தலத்துக்கு வரும் கணனியைத் தாங்களும் சேர்ந்தே தீர்மானிப்போம் என்று மல்லுக்கு நின்றதில் வளர்ந்தது. கல்முனைக் கரைக்கு வந்து சேர்ந்தபோது மல்லுக்கட்டு வழியில் உதிர்ந்துவிட்டது. சார்ட் பேப்பரும் ரோல்ஸும் பிளேன்டீயும் மிச்சம்.

வீட்டுத்திட்டச் செயலமர்வில் மார்க்கரைக் கையில் கொடுப்பார்கள். "உங்கட கனவு வீட்டக் கீறுங்க ராத்தா." ராத்தா கீறுவார்: அடுப்படி வெளியே, கிணறு பின்வளவில், கக்கூஸ் கிப்லாவைப் பாராமல். "வீடு மகள்ட பேருக்கு வரணும் தம்பி" என்றும் சொல்லிவைப்பார். இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். படிவத்திலோ 'குடும்பத் தலைவர்' என்று ஒரே கட்டம். தாளைப் படம் பிடிப்பார்கள், ராத்தாவையும் சேர்த்து. வீட்டு வரைபடம் கொழும்பிலிருந்து ஏற்கெனவே வந்திருக்கும்.

இதுவாவது பரவாயில்லை, கட்டிய வீட்டில் ஆள் இருக்கிறது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதிப் பணத்தில் 500 வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, சந்தை எல்லாம் உண்டு. யாருக்குக் கொடுப்பது என்ற இனக்கணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் காடேறிக் கிடந்தன. நல்லவேளை, அடுப்படி எந்தப் பக்கம் என்று அங்கே சண்டை வரவில்லை.

அடுத்த செயலமர்வுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். மார்க்கரைத் தொடுமுன், உறுதி யார் பேருக்கு, திறப்பு எப்போது என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.