முட்டைக்கு மட்டும் தினமும் டிவி

கேள்வி: சினிமா சாராத தனிப்பாடல், டிவி வாய்ப்பு, இணையத்தில் சின்னதாக ஒரு கடை. மூன்றில் எதை நம்பிப் பிழைக்கலாம்?
– ராசிபுரம் வாசகர்

பதில்: உங்கள் நாமக்கல் மாவட்டத்திலிருந்து டிவியில் அடிக்கடி தலைகாட்டுவது முட்டை விலைதான். அதற்கே தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் சிபாரிசு தேவைப்படுகிறது. மனிதர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

தனிப்பாடல்? ‘கிளப்புல மப்புல’ 2011இல் இணையத்தில் பரவி ஹிப்ஹாப் ஆதியை ஊரறியச் செய்தது. 2015இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைத்தார். சாய் அபயங்கருக்கு 2024இல் ‘கட்சி சேர’. மறு வருடமே ‘டியூட்’ படம். சினிமா வேண்டாம் என்று கிளம்பும் பாட்டு, கோடம்பாக்கத்தில்தான் போய் இறங்குகிறது. (தப்பில்லை. வீட்டுக்காரர் வாடகைக்குப் பதில் லைக் வாங்கிக்கொள்ள மாட்டார்.)

கடைக்கு வந்தால், முட்டையை விட்டுவிடலாம். கூரியர்காரர் பார்சலைத் தூக்கிப் போடும் அழகைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். கொல்லிமலை மிளகு உத்தமம்: உடையாது, வழியாது, மாதக்கணக்கில் கெடாது. பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் அச்சிட்டிருக்க வேண்டும்.

ராசிபுரம் நெய்தான் விற்பேன் என்றால், மூடிக்கு மேல் டேப்பை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றவும்.