லோயர், ஹையர், ஷோகேஸ்

எழுபதுகளில் மேற்குத் தாம்பரத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனிடம் ஊர் இரண்டே கேள்விதான் கேட்கும். மார்க் எவ்வளவு என்பது முதல் கேள்வி. பதில் எதுவானாலும், டைப் கிளாஸ் சேர்ந்தாச்சா என்பது அடுத்தது. நல்ல மார்க் வாங்கியவன் காலேஜில் இடம் கிடைக்கும்வரை டைப் அடிப்பான். வாங்காதவன் வேலை கிடைக்கும்வரை அடிப்பான்.

சண்முகம் சாலைப் பக்கம் ஒரு மாடியில் எனக்குக் காலை ஆறு மணி பேட்ச். நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்தால் லோயர், 45 அடித்தால் ஹையர். அங்கிருந்தவை ரெமிங்டன், கோத்ரெஜ், ஹால்டா. ஒன்றை இடம் மாற்றுவதென்றால் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அந்த மெஷின்களை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், அதோடு சரி.

கைப்பிடி வைத்த பெட்டிக்குள் அடங்கும் போர்ட்டபிள் என்றால் மாஸ்டருக்கு இளக்காரம். "அது பத்திரிகைக்காரனும் பாதிரியாரும் வெச்சுக்கிறது. அதுல அடிச்சா விரல் கெட்டுடும்" என்பார். இன்று என் அலமாரி நிறைய விரலைக் கெடுப்பவைதான். காரணம் ரசனை என்று விருந்தாளிகளிடம் சொல்வேன். சேலையூர் ஃபிளாட்டில் ஆபீஸ் மெஷினுக்கு இடமில்லை என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும்.

வேட்டை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். புறாக்கூண்டு, பூச்செடி, உடைந்த மிக்சி இவற்றுக்கு நடுவே சாக்கை விரித்து வைத்திருப்பார்கள். அன்று ஆபீஸ்கள் இரும்பு விலைக்குத் தள்ளிவிட்ட சாமான்களுக்கு இன்று 'ஆன்டிக்' என்று பெயர்.

"ஹோட்டலுக்கா சார், ஷூட்டிங்குக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்கா?" என்று வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்."

வாங்கியதும் ஜாதகம் பார்க்க வேண்டும். மெஷினைக் கவிழ்த்து, பிரஷ்ஷால் தூசு தட்டி, சீரியல் நம்பரைத் தேடிப் பிடித்து, உலகத்துச் சேகரிப்பாளர்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டால் பிறந்த வருஷம் வந்துவிடும். ஒலிவெட்டி லெட்டரா 22 என்றால் 1950க்கு முன் இருக்க முடியாது. லெட்டரா 32 என்றால் 1963க்கு முன் இருக்க முடியாது. அப்புறம் ரோலர். ஒற்றைத் தாள் வைத்தே அடித்துப் பழகியவர் கை என்றால் ரப்பரில் குழி குழியாக எழுத்து இறங்கியிருக்கும். அடுத்து கீ வரிசை. பழைய போர்ட்டபிள்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்'லை அடித்து ஒப்பேற்ற வேண்டும். ஆச்சரியக்குறிக்கோ ஒற்றை மேற்கோள்குறியை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அடியில் புள்ளி வைக்க வேண்டும். ஆச்சரியப்படுவது அவ்வளவு உழைப்பாக இருந்ததால் அன்று கடிதங்கள் நிதானமாக இருந்தன.

ஃபேசிட் என்ற ஸ்வீடன் மெஷினுக்காக ராத்திரியெல்லாம் வெளிநாட்டு ஏலங்களைத் துழாவும் ஐ.டி. பையன் ஒருவன் எனக்குச் சினேகம். வேலை பெருங்குடியில். ஃபேசிட் ஏஷியா கம்பெனியின் தொழிற்சாலை இருந்ததே அந்தப் பெருங்குடியில்தான், நான் அடித்துப் பழகிய ஹால்டா அவர்கள் தயாரிப்பு என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பஸ்ஸில் போகிற தூரத்தில் பிறந்ததற்கு என்ன மதிப்பு?

கோத்ரெஜ் 1955இல் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்தபோது, சுதந்திர இந்தியாவால் இதுவும் முடியும் என்று பெருமைப்பட்டார்கள். 2011இல் அது நிறுத்தப்பட்ட செய்தி பரவியதும், உலகின் கடைசி டைப்ரைட்டர் ஆலை மூடப்பட்டதாகப் பல நாட்டுப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. வேறு இடங்களில் இன்னும் செய்துகொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த இரங்கல் வெளியான வருஷமும் தாம்பரத்தில் பிள்ளைகள் பேட்ச் பேட்ச்சாக உட்கார்ந்து அரசுத் தேர்வுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இறந்துபோன விஷயத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என் ஆசை ஒன்று பாக்கி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா பக்கம் பிழைக்கப் போன ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தார். மெஷின் ஜெர்மனியில் தயாரானது. மேஜை மெஷினோடு நிற்காமல் 'பிஜோ' என்ற போர்ட்டபிளும் கொண்டுவந்தார். அவர் அமைப்பில் புள்ளிக்கு நகரா விசை: புள்ளி முதலில் விழும், தாள் நகராது, அதன் கீழே எழுத்து வந்து உட்காரும். கையால் எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளியை மெஷினுக்காக முதலில் வைக்கப் பழகிக்கொண்டோம். அப்படி ஒரு போர்ட்டபிள் கிடைக்குமா என்று சந்தையில் கேட்டால், "தமிழ்னா ஷோவுக்கு எடுக்காது சார்" என்கிறார்கள்.

ஷோவுக்கு எடுப்பது பெயர்தான். அமெரிக்க நாவலாசிரியர் கோர்மக் மெக்கார்த்தி அடகுக்கடையில் 50 டாலருக்கு வாங்கிய லெட்டரா 32, 2009 ஏலத்தில் 2,54,500 டாலருக்குப் போயிற்று. அவர் தொடர்ந்து எழுத, அதே மாடலை நண்பர் ஒருவர் சொற்பக் காசுக்கு வாங்கிக் கொடுத்தார். ஆக, இரும்புக்கு விலையில்லை. தட்டிய விரலுக்குத்தான் விலை.

அந்தக் கணக்கு நம் பக்கம் செல்லாது. மெஷினில் கம்பெனி பெயர், பில்லில் முதலாளி பெயர். அடித்தவர் பெயர் வேண்டுமானால் ஆபீஸ் கடிதத்தின் அடியில் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும். அதிகாரியின் இனிஷியல் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, பிறகு டைப்பிஸ்ட்டின் இனிஷியல் சின்ன எழுத்தில். சர்வீஸ் முழுக்க நான் அந்தச் சாய்கோட்டுக்கு வலப்பக்கத்திலேயே இருந்தவன். இப்போது மெஷின் என்னுடையது, இடப்பக்கம் வர யாரையும் கேட்க வேண்டியதில்லை. டிக்டேட் செய்ய ஒரு கடிதம்தான் இல்லை.